ஆவி பிடிக்கும் கருவியும் தாய்மாமன் சம்மதமும்

எங்கள் வீட்டு ஆவி பிடிக்கும் கருவிக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கு முன்பு இரண்டு மாதம் நல்ல பழக்கம். போனில் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், ஆவி வரும், மூக்கு திறக்கும். இப்போது ‘உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது’ என்று போனில் ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் பேச்சில்லை.

கருவி உள்ளங்கை அளவுதான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். அடுப்பு வேண்டாம், குண்டா வேண்டாம், தலைக்கு மேல் போர்வை வேண்டாம். தண்ணீர் ஊற்றி, புளூடூத்தில் போனோடு இணைத்தால் போதும். என் தங்கை கலாமணியின் மகள் தாரணி வாங்கிக் கொடுத்தது. சளி பிடித்தால் எனக்குக் குரல் மொத்தமாகப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

குரல் திங்கட்கிழமை மாலையே போய்விட்டது. இன்று ஐப்பசி முதல் வெள்ளி. ஐந்து மணிக்குத் தாரணிக்கு நிச்சயதார்த்தம்.

மற்றவர்கள் என்றால் சளியோடு போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வரலாம். நான் தாய்மாமன். எங்கள் வீட்டு வழக்கப்படி, வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணின் மாமன் எழுந்து நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ‘எனக்குச் சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவர் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கை தூக்கவில்லை என்றால் தட்டு மாறாது. அடுத்த நல்ல நேரம் பதினோரு வருடம் கழித்துத்தான். ஜோசியர் அந்தத் தேதியையும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

இன்னொரு சலுகையும் உண்டு. சம்மதத்தோடு சேர்த்து மாமன் ஒரு வார்த்தை சொல்லலாம். அது என்னவானாலும் இரண்டு வீட்டாரும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். கலாமணியின் நிச்சயத்தில் எங்கள் மாமா, ரசம் இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கலாம் என்றார். முப்பது வருடமாக அவள் வீட்டில் வேறு ரசம் வைத்ததில்லை.

காலையில் தாரணி என் வீட்டுக்கு வந்தாள். தலையில் பாதிப் பூதான் வைத்திருந்தாள். மீதியை யாரோ பின்னால் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

“மாமா, சம்மதம் சொல்றப்ப எனக்காக ஒண்ணு சேத்துச் சொல்லோணும்,” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

“கல்யாணத்துக்கப்புறமும் நான் இங்கதான் வேலைக்குப் போவேன். காங்கயத்துல போய் உக்கார மாட்டேன். அவரு இங்க வந்துரட்டும். அவருக்கும் அதுதான் ஆசை. அவங்கப்பாகிட்டச் சொல்லத்தான் பயம்.”

‘அவர்’ என்றால் காங்கயத்து மாப்பிள்ளைப் பையன் அருள்குமரன். நல்ல பையன். தாரணி இங்கே கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிறாள். அவள் வரைந்த மோட்டார் ஒன்று எங்கோ நானூறு அடி ஆழத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. விடுமுறை நாட்களில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு சீட்டை எடுத்து, ‘உங்கப்பங்கிட்டச் சொன்னியா கண்ணு?’ என்று எழுதினேன். குரல் போனதிலிருந்து எனக்குச் சீட்டுதான்.

“நாலு தடவ சொல்லிட்டேன்.”

அவள் அப்பா நாச்சிமுத்துவுக்கு ஒரு குறை உண்டு. மகள் பேசினால் மட்டும் அவர் காதில் மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்கும். மற்ற எல்லாம் துல்லியமாகக் கேட்கும். டாக்டரிடம் காட்டினார்கள். பெண்ணைப் பெற்ற சில பேருக்கு இப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மகள் வாயைத் திறந்தால் நாச்சிமுத்து சுவிட்சைத் தேடுவார்.

“நீங்க சொன்னா அப்பாவுக்குக் கேக்கும், மாமா,” என்றாள். பின்னால் பூக் கட்டுகிறவர் இழுக்கவும் கிளம்பிவிட்டாள்.

ஆக, குரல் வேண்டும். நான் கருவியோடு உட்கார்ந்தேன். எனக்குக் கவலை சுலபத்தில் வராது. இன்று கொஞ்சம் வந்தது.

போனிலிருந்த செயலி சொன்னபடியெல்லாம் செய்தேன். ‘போனை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடவும்’ என்றது. அணைத்தேன். தெருவும் அணைந்தது. மறுபடி போட்டதும் தெரு வந்தது, பால்காரர் மட்டும் வரவில்லை. இன்னொரு தடவை அணைத்துப் போட்டதில் அவரும் வந்துவிட்டார். கருவியில் மாற்றமில்லை.

‘இந்தக் கருவியை மறந்துவிடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கையில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டேன்.

“ஏனுங்க, அது ஆவி புடிக்கற மெசினு,” என்றாள் என் மனைவி வசந்தாமணி. அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

அடுத்து, ‘போனும் கருவியும் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும்’ என்றது. போன் என் வலது கையில் இருந்தது. கருவி இடது கையில் இருந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று வசந்தாமணி தையல் டேப்பை எடுத்து வந்தாள். ஒரு முனையை வலது கையில் வைத்துவிட்டு இடது கையை நோக்கி நடந்தாள். போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வழியில் குக்கர் சத்தம் கேட்டு அதையும் அணைத்துவிட்டுப் போனாள்.

“பதினொண்ணேகால் மீட்டருங்க,” என்று தூரத்திலிருந்து கத்தினாள். “கையக் கொஞ்சம் கிட்டக்க வெய்யுங்க.”

‘கிட்டக்கதான் இருக்குது’ என்று எழுதிக் காட்டினேன்.

“உங்களுக்குக் கிட்டக்க. அதுக்கு?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கடைசியாகச் செயலி, ‘உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கவும்’ என்றது. அனுமதித்தேன். ஒரு சக்கரம் சுற்றி நின்றது. ‘நீங்கள் இங்கே இல்லை. நேரில் வந்து நிரூபிக்கவும்’ என்று வந்தது. கீழே சேவை மையத்தின் முகவரி இருந்தது. எங்கள் கட்டடம்தான். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில். ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது.

எதிர்வீட்டு ரத்தினசபாபதி ஆடி மாதத்திலிருந்து எங்கள் லிஃப்டாக இருக்கிறார். மில்லில் ஓய்வு பெற்று நான்கு வருடம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பொழுது போகவில்லை. இப்போது முகம் தெளிந்திருக்கிறது.

“ஏறிக்குங்க சென்னியப்பன்,” என்றார். “எந்த மாடிங்க?”

‘ஒண்ணரை’ என்று எழுதினேன்.

“சர்வீஸ் செண்டருங்களா? காலையில இருந்து யாரும் போகலீங்க. இருங்க, மூச்சப் புடிச்சுக்கறேன். பாதியில நிறுத்தறது கொஞ்சம் சிரமமுங்க.”

நிறுத்தினார். கதவு திறந்தது. எதிரே ஒரு தாழ்வாரம். கடைசியில் கவுண்ட்டர் தெரிந்தது. நான் வேகமாக நடந்தால் தாழ்வாரம் நீண்டது. இன்னும் வேகமாக நடந்தேன், கவுண்ட்டர் புள்ளியாகிவிட்டது. நின்று மூக்கைச் சிந்தினேன். நிமிர்ந்தபோது கவுண்ட்டர் என் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு பெண் தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் ‘புவனசுந்தரி, இணைப்பு’ என்று எழுதியிருந்தது. எனக்கு ஒரு டோக்கன் கொடுத்தார். எண் ஒன்று.

“பூஜ்யம் யாருங்க?” என்று கூப்பிட்டார்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

“பூஜ்யம் முடிஞ்சாத்தானுங்க ஒண்ணு. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மணி மூன்று. பூஜ்யம் வரவில்லை. நாற்காலி வசதியாக இருந்தது, மின்விசிறி நேராக என் மேல் வீசியது. இதையெல்லாம் கவனித்தேன், ஆனால் தாரணி முகம்தான் நினைவில் ஓடியது. மூன்றரைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் பூஜ்யம் டோக்கன்.

“ஏனம்மணி, உள்ள குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“அந்த மூலைலீங்க.”

அவர் குடித்துவிட்டுப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். புவனசுந்தரி ஒரு படிவத்தை நகர்த்தினார். முதல் கேள்வி: ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்களா?’ பதிலுக்கு மூன்று கட்டம். இருக்கிறேன். இல்லை. வந்துகொண்டே இருக்கிறேன்.

நான் மூன்றாவதில் டிக் அடித்தேன்.

“எல்லாரும் அதத்தானுங்க போடறாங்க,” என்றார். “குளிச்சுட்டே இருக்கறவங்களும் அதான் போடறாங்க.”

இரண்டாவது கேள்வி மூக்கைப் பற்றியது. இடது துளை, வலது துளை இரண்டும் சொந்தமா என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று எழுதினேன். அவர் எழுந்து நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை வைத்தார். படிவத்தின் மேல்தான்.

பிறகு கருவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“ஏனுங்க, ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சீங்களா?”

வைத்திருந்தோம். திங்கட்கிழமை ஆயுத பூஜை. வசந்தாமணி வீட்டில் ஒன்றையும் விடவில்லை. கிரைண்டர், தையல் மெஷின், என் நகவெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். கருவிக்கு நடு நெற்றியில் வைத்தாள். ரொம்ப லட்சணமாக இருந்தது.

“அது நெத்தி இல்லீங்க. அதுதான் கண்ணு,” என்றார் புவனசுந்தரி. “சந்தனம் காஞ்சு அடச்சுக்கிச்சு. நாலு நாளா பாவம் அதுக்கு ஒண்ணும் தெரியல. புரட்டாசி முடிஞ்சா இங்க வர்றதுல பாதிக் கேஸ் இதுதானுங்க. போன வருசம் ஒருத்தரு ஸ்கேன் மெசினுக்கே பட்டை போட்டுட்டாரு. அப்புறம் எல்லாருக்கும் வயித்துல பட்டை தெரிஞ்சுது.”

ஊக்கை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டினார். கருவி இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டியது. என்னைப் பார்த்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

“மொதல்ல இதத் தொறந்தது யாருங்க?” என்று கேட்டார்.

‘தங்கச்சி புள்ள தாரணி. அவ போன்ல போட்டுப் பாத்துட்டுத்தான் எனக்குக் குடுத்தா’ என்று எழுதினேன்.

“அதானுங்க விசயம். உங்களோட இருந்தது பழக்கம். அந்தப் புள்ளையோட இருக்கறதுதான் உறவு. கண்ணு தெரியலைன்னதும் இது உறவுகிட்டப் போயிருச்சு. போறப்ப உங்க தொண்டையில இருந்ததையும் எடுத்துட்டுப் போயிருச்சுங்க.”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். தாரணியின் போன். அதற்குள் ‘மாமன் குரல், ஒன்று, நல்ல நிலையில்’ என்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது. காணாமல் போன பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

“துண்டிச்சா நாலே முக்காலுக்குக் கொரல் உங்ககிட்ட வந்துருமுங்க,” என்றார். “அதுக்கு முன்னால ஒரு ஒத்திகை பாத்துரலாம். ஒரு நிமிசம் தர்றேன். நிச்சயத்துல சொல்ல வேண்டியதச் சொல்லுங்க.”

கவுண்ட்டர் கண்ணாடியிலிருந்த ஓட்டை வழியாக என் குரல் வந்தது. தொண்டையில் இறங்கியதும் வெதுவெதுப்பாக இருந்தது.

“எனக்குச் சம்மதம்,” என்றேன். கணீரென்று இருந்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ கையைத் தூக்கினார்கள்.

“அடுத்ததுங்க?”

“தாரணி கல்யாணத்துக்கப்புறம்...” என்று ஆரம்பித்தேன். அருள்குமரனின் அப்பா, காங்கயத்துச் சம்பந்தி பொன்னுரங்கம் ஞாபகம் வந்தார். பெரிய உருவம். பார்வையும் பெரியது. என் வாய் அதன் பாட்டுக்குத் தொடர்ந்தது. “...எல்லாம் பெரியவங்க சௌகரியப்படி பாத்துக்கலாமுங்க.”

புவனசுந்தரி பன்னைக் கீழே வைத்தார். “இதச் சொன்னா புள்ள காங்கயத்துலதானுங்க இருக்கும்.”

இன்னொரு தடவை சொன்னேன். “தாரணி இங்கயே வேலைக்கு...” என்று போய், “...வேலையெல்லாம் என்னுங்க, இன்னிக்கு இருக்கும் நாளைக்குப் போகும்,” என்று முடிந்தது. மூன்றாவது தடவை, பந்தியில் பாயசம் நன்றாக இருக்கிறது என்று வந்தது. பந்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நிமிடம் முடிந்து குரல் ஓட்டை வழியாகத் திரும்பிப் போய்விட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வருடமாக நான் யாரையும் சங்கடப்படுத்தியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். எதற்கும் ‘சரிங்க’ என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு நல்ல பெயர், நல்ல தூக்கம். அந்தப் பெயரைக் காப்பாற்றத் தாரணியைக் காங்கயத்துக்கு அனுப்பிவிடுவேன் என்பது அந்தக் கவுண்ட்டரில்தான் தெரிந்தது.

புவனசுந்தரி அடுத்த படிவத்தை நகர்த்தினார். இரண்டே கட்டம். துண்டிக்கவும். அனுமதிக்கவும்.

‘அனுமதிச்சா?’ என்று எழுதினேன்.

“கொரல் அந்தப் புள்ள வாயில வருமுங்க.”

‘அவ கொரல்?’

“அதுக்கென்னுங்க, அடியில பத்திரமா இருக்கும். ஆனா ஒண்ணு. சபையில ஒத்துக்குவாங்களான்னு நாங்க உத்தரவாதம் தர்றதில்லீங்க. ஒத்துக்கலைன்னா பதினோரு வருசம்.”

மணி நாலரை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தேன். மனசு லேசாகிவிட்டது. மூக்கில் வலது துளையும் திறந்துகொண்டது.

ரத்தினசபாபதி காத்துக்கொண்டிருந்தார். மண்டபம் நான்கு தெரு தள்ளி என்று எழுதிக் காட்டினேன்.

“நல்ல காரியத்துக்குன்னாப் பக்கவாட்டுலயும் போவனுங்க,” என்றார். போனார். வழியில் ஒரு பேக்கரியும் இரண்டு பள்ளிக்கூடமும் குறுக்கே வந்தன. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நுழைந்து வெளியேறினார்.

மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தாரணி. பூ முழுதாகக் கட்டி முடிந்திருந்தது. வழக்கம் சொல்கிற பெரியவர் காளியண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு பக்கம் நாச்சிமுத்து, மறுபக்கம் பொன்னுரங்கம். அவர் பின்னால் அருள்குமரன் பாதி மறைந்து நின்றான்.

“மாமன் எந்திரிங்க,” என்றார் காளியண்ணன்.

எழுந்தேன். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. கடைசி வரிசையில் இருந்தவர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் தாரணியைப் பார்த்தேன். பேசு என்று கையைக் காட்டினேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பேசினாள்.

“எனக்குச் சம்மதம்.”

என் குரல். லேசாகச் சளி கட்டிய, கனமான, ஐம்பத்தெட்டு வயதுக் குரல். அவளே ஒரு தடவை தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடைசி வரிசையில் கை மேலே போனது.

“ஏனுங்க, புள்ளையல்லங்க பேசுது?” என்றார் பொன்னுரங்கம்.

காளியண்ணன் கண்ணை மூடி யோசித்தார்.

“வாய் யாருதா இருந்தா என்னுங்க,” என்றார் கடைசியில். “கொரல் மாமனுது. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்குது. செல்லுமுங்க. மாமன் சேத்துச் சொல்றது ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க,” என்றாள் தாரணி. “கல்யாணத்துக்கப்புறமும் நான் இங்கதான் வேலைக்குப் போவேன். அவரு காங்கயத்துல இருந்து இங்க வந்துரோணும்.”

அவள் எதையும் சுருக்கவில்லை. குரல் ஓரிடத்திலும் குழையவில்லை. அது அப்படியும் பேசும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பொன்னுரங்கம் மீசையைத் தடவினார். “மாமன் சொல்லீட்டா மறுபேச்சு ஏதுங்க,” என்றார். பின்னாலிருந்து அருள்குமரன் முழுதாக வெளியே வந்தான். முன்பு நினைத்ததைவிட உயரமான பையன்.

நாச்சிமுத்து மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபமில்லை, வருத்தம் இருந்தது.

“மச்சான், புள்ளைக்கு இப்படி ஒரு ஆசை இருக்குதுன்னு ஏன் ஒருத்தருமே எங்கிட்டச் சொல்லல?”

நான் சீட்டைத் தேடினேன். அதற்குள் தாரணி பதில் சொல்லிவிட்டாள்.

“நாலு தடவ சொன்னேன், அப்பா.”

நாச்சிமுத்துவின் கை வழக்கம்போல் சுவிட்சைத் தேடிப் பாதி வழி போனது. அங்கேயே நின்றது. மெதுவாக மேடைப் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்ன கண்ணு?”

“அப்பான்னு சொன்னேன்.”

“இன்னொருக்காச் சொல்லு.”

“அப்பா.”

அவர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தட்டைக் கலாமணி வாங்கி மாற்றினாள். அதைப் பெரும்பாலும் யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாரணி என்னிடம் குனிந்தாள். “மாமா, கொரல எப்பத் திருப்பித் தரட்டும்?” என்று என் குரலிலேயே கேட்டாள்.

‘அவசரமில்ல. பேசி முடிச்சுட்டுக் குடு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் படித்தாள். சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்வதற்கு அவளிடம் இருபத்தாறு வருடம் இருந்தது. முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன்.